பள்ளிச் சுற்றுலாவுக்கு வரமாட்டேன் என்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. குறைமாதத்தில் பிறந்தவன். பெருமூளை வாதத்தால் வலது கையும் வலது காலும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் சாய்ந்து நடப்பான், பேச்சு நன்றாக வரும், அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஏழு வயது வரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போனோம், பிறகு வசதிப்படவில்லை. இன்றும் நான்தான் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, காலையில் ஊட்டியும் விடுகிறேன். வலது கை மடங்கியே இருக்கிறது. இடது கையால் சாப்பிட என் மாமியார் விடுவதில்லை. பக்கத்து டவுனில் ஒரு சென்டரில், ஆறு மாதம் ஆக்குபேஷனல் தெரபி கொடுத்தால் கை சரியாகிவிடும், முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டுங்கள் என்கிறார்கள். இந்த வயதில் தொடங்கினால் பலன் இருக்குமா? பத்தாம் வகுப்பு வேறு வருகிறது, எழுதுவது ரொம்ப மெதுவாக இருக்கிறது. இப்போது பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா போகிறார்கள், அதற்கும் வரமாட்டேன் என்கிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பலன் இருக்கும். ஆனால் அந்த சென்டர் சொல்கிற பலன் கிடைக்காது. உங்கள் மகனின் வலது கை ஆறு மாதத்தில் இடது கையைப் போல ஆகிவிடாது, ஆறு வருடத்திலும் ஆகாது. பிறப்பை ஒட்டி மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அது. நாளாக ஆக அது பெருகுவதும் இல்லை, மறைவதும் இல்லை. மாறிக்கொண்டே இருப்பது உடம்புதான். இந்த வயதில் எலும்பு வேகமாக நீளும். இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. அதனால்தான் முன்பைவிடக் கை அதிகமாக மடங்கியிருப்பதாகத் தெரிகிறது. நீங்கள் பிசியோவை நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

கையைச் சரியாக்குவது ஒன்று, அந்தக் கையோடு அவன் தன் நாளைத் தானே பார்த்துக்கொள்ள வைப்பது இன்னொன்று. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளான எங்கள் வேலை இரண்டாவது. அதற்கு 13 வயது தாமதம் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுப்பதைவிட, தனக்கு அவசியம் என்று உணர்ந்த 13 வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுப்பது எளிது.

இனி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பேச்சு நன்றாக வருகிற, நடக்கத் தெரிந்த பையன் ஏன் சுற்றுலா வேண்டாம் என்கிறான்? அவனிடமே கேளுங்கள். நேராகக் கேட்டால் "பிடிக்கல" என்றுதான் சொல்வான். வேறு மாதிரி கேளுங்கள்: பள்ளியில் தண்ணீர் குடிக்கிறாயா? பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறதா? என் அனுபவத்தில், ஒரு கை வராத பையன்களில் பலர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் பேன்ட் கொக்கி. அதைக் கழற்ற ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை கொக்கியைத் தள்ள வேண்டும். கழற்றினாலும் திரும்ப மாட்ட முடியாது. நண்பனிடம் "மாட்டி விடுடா" என்று இந்த வயதில் எந்தப் பையன் கேட்பான்? வீட்டில் அம்மா இருக்கிறாள், பள்ளியில் ஏழெட்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இரண்டு நாள் சுற்றுலாவில் என்ன செய்வான்?

உங்கள் மகனுக்கும் இதுதான் காரணமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதுவாக இருந்தால், தீர்வு தையல்காரரிடம் இருக்கிறது. சீருடை பேன்ட்டின் இடுப்புப் பட்டையில் பின்பக்கம் எலாஸ்டிக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். கொக்கியை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெல்க்ரோ. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற பிள்ளைகளின் பேன்ட் மாதிரியேதான் இருக்கும், இந்த வயதில் அது ரொம்ப முக்கியம். ஜிப்பின் நாக்கில் ஒரு சின்ன சாவி வளையத்தை மாட்டினால் இடது கையின் ஒரே விரலை விட்டு இழுத்துவிடலாம். மேலே இழுக்கும்போது துணி சுருங்கிக்கொண்டு கூடவே வரும். அப்போது வலது முன்கையால் துணியைத் தொடையோடு அழுத்திக்கொள்ளட்டும். விரல் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, மடங்கிய கையாலும் அழுத்த முடியும்.

கவனித்தீர்களா, அந்த வலது கைக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது. அழுத்திப் பிடிப்பது, முட்டுக் கொடுப்பது, அணைத்துக்கொள்வது, இவைதான் அதன் வேலைகள். நோட்டு நகராமல் பிடிக்கும், டிபன் பாக்ஸை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும், இடது கை மூடியைத் திறக்கும். காயப்போட்ட துணியை முன்கையில் போட்டுக்கொண்டு வரும். இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலைகளை நிறையச் செய்யவைப்பது, பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவதாக ஆய்வுகளில் தெரியவந்த முறைகளில் ஒன்று. நல்ல கையைக் கட்டிவைத்து, வராத கையை மட்டும் வேலை வாங்குகிற முறையும் உண்டு, அதற்கும் பலன் உண்டு. ஆனால் பள்ளிக்குப் போகிற 13 வயதுப் பையனின் நல்ல கையை மணிக்கணக்கில் கட்டினால் அவன் உங்களோடு பேசுவதையே நிறுத்திவிடுவான். தெரபிஸ்ட் அருகில் இல்லாமல் வீட்டில் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம்.

சட்டைக்கு ஒரே விதிதான். போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது வராத கை கடைசியில். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை மடியில் விரித்து, வலது கையைக் கைப்பகுதிக்குள் விட்டு அக்குள் வரை இழுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால் இடது கை சிக்கிக்கொள்ளும். பட்டனைக் கீழிருந்து மேலே போடச் சொல்லுங்கள், கீழ்ப் பட்டன்தான் கண்ணுக்குத் தெரியும். கழுத்துப் பட்டனை முதலில் போட முயன்று தோற்றுப்போகிறவர்களே அதிகம். முதல் வாரங்களில் நீங்கள் எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மிச்சம் வையுங்கள், அதை அவன் போடட்டும். அப்புறம் இரண்டு, மூன்று என்று மிச்சம் வைத்துக்கொண்டே போங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு நாளும் வேலையை முடிக்கிற ஆள் அவனாக இருப்பான்.

இதைக் காலை ஏழரை மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். அடுப்பில் குக்கர், வாசலில் ஆட்டோ, அந்த நேரத்தில் எந்த அம்மாவாக இருந்தாலும் சட்டையைப் பிடுங்கித் தானே போட்டுவிடுவாள். நீங்கள் இரண்டே நிமிடத்தில் செய்து முடிக்கிற வேலைக்கு அவனுக்கு 15 நிமிடம் ஆகும், அதனால்தான் இத்தனை வருடமாக அந்த வேலை உங்களிடமே இருக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக் கழற்றுவதில் தொடங்குங்கள். போடுவதைவிடக் கழற்றுவது எளிது. அது கைவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போடுவதைப் பழக்குங்கள். காலை அவசரத்துக்குக் கடைசியில் வரலாம்.

எவ்வளவு பயிற்சி தேவை என்று கேட்பீர்கள். ஒரு குறிப்பிட்ட வேலையைக் கற்றுக்கொள்ள, அந்த வேலையையே செய்து பழகும் நேரம் ஏறத்தாழ 15 முதல் 25 மணி வரை தேவைப்படும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், தினம் 20 நிமிடம் வீதம் இரண்டு மாதம். வாரத்துக்கு ஒரு முறை 45 நிமிடம் மட்டும் சென்டரில் செய்து இந்தக் கணக்கை எட்டுவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால், நல்ல தெரபிஸ்ட் உங்களுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பார். வீட்டுப்பாடமே கொடுக்காத சென்டரை எனக்குப் பிடிப்பதில்லை. இன்னொன்று, களிமண் உருட்டுவதும் பலகையில் ஆப்பு சொருகுவதும் பட்டன் போடக் கற்றுத்தராது. பட்டன் போடப் பழக பட்டன்தான் வேண்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். இடது கையால் சாப்பிடுவது அவருக்கு உறுத்துவது எனக்குப் புரிகிறது. கால் கழுவுகிற கை அது, சோற்றில் படக்கூடாது என்று வளர்ந்தவர். வாதாடி அவரை ஜெயிக்க முடியாது, ஜெயிக்கத் தேவையும் இல்லை. கழிப்பறையில் பீச்சும் குழாய் ஒன்றை இடது பக்கம் பொருத்துங்கள், வாஷ் பேசின் பக்கத்தில் திரவ சோப்பு வையுங்கள். கட்டி சோப்பு ஒற்றைக் கையில் வழுக்கிக்கொண்டு ஓடும். கையை அவன் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பாட்டி கண்ணால் பார்க்கட்டும். வீட்டில் சோற்றுக்கு ஸ்பூன் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அடங்கும். கல்யாணப் பந்தியில் என்ன செய்வது என்பதை அவனே முடிவு செய்யட்டும். ஸ்பூனை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிற பிள்ளைகளும் உண்டு, இலையில் இடது கையை வைத்துவிட்டு யார் பார்த்தால் என்ன என்று சாப்பிடுகிறவர்களும் உண்டு. 13 வயதுப் பையனுக்கு ஊட்டுவதைவிட இரண்டுமே மேல். இதைப் பாட்டியிடம் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் கணவர்.

சாப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தட்டில் வலது ஓரத்தில் வைத்த பொரியலை மட்டும் தொடாமல் எழுந்துவிடுகிறானா? வலது பக்கம் நிற்பவர் மேல் இடித்துக்கொள்கிறானா? உடம்பின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பக்கத்துப் பார்வையும் குறைந்திருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படி இருப்பதால் அவர்களுக்கே அது தெரியாது. சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் பக்கப் பார்வையைச் சோதிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கரும்பலகையின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், சாலையை எப்படிக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. தொடு உணர்ச்சியும் குறைவாக இருக்கலாம். கண்ணை மூடச் சொல்லி வலது உள்ளங்கையில் ஒரு சாவியையோ நாணயத்தையோ வைத்துப் பாருங்கள். என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றால், "கையைப் பயன்படுத்தவே மாட்டேன்கிறான், சோம்பேறி" என்று இனி யாரும் திட்ட வேண்டாம். இருப்பதே சரியாகத் தெரியாத கையை மறந்துபோவது இயல்பு. வெந்நீரின் சூட்டை அவன் எப்போதும் இடது கையால்தான் பார்க்க வேண்டும்.

குளியல். இதை நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், 13 வயதுப் பையனை அம்மா குளிப்பாட்டுவது முடிவுக்கு வர வேண்டும். உடம்பு மாறுகிற வயது. அவனுக்கே கூச்சம் வந்திருக்கும், சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவான். குளியலறையில் கைப்பிடி உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் பிடிமானக் கம்பி, வழுக்காத மிதியடி, இவ்வளவு போதும். ஒற்றைக் கையால் இடது அக்குளில் சோப்புப் போட முடியாது, நீளமான பீர்க்கங்காய் நாரோ கைப்பிடி வைத்த பிரஷோ கொடுங்கள். பழகும் வரை அப்பாவோ மாமாவோ வெளியே நிற்கட்டும். வலிப்பு வருகிற பையன் என்றால் மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம், பக்கெட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து வைக்கவும் வேண்டாம்.

மடங்கிய உள்ளங்கையை மறந்துவிடாதீர்கள். வேர்த்து, ஈரம் நின்று, தோல் வெந்து நாற்றம் வரும். மணிக்கட்டை முதலில் கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும். அப்போது திறந்து கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். விரலை நேராகப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும், வலிக்கவும் செய்யும். இதை அவனே இடது கையால் செய்யக் கற்றுக்கொள்ளலாம். நகம் வெட்டுவதை மட்டும் கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கையை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட், இறுக்கம் குறைக்கும் ஊசி இவை பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டுக்கும் இடம் உண்டு. ஊசியின் பலன் சுமார் மூன்று மாதம்தான் நிற்கும், அந்த மூன்று மாதத்தில் தீவிரப் பயிற்சி கொடுத்தால்தான் போட்டதற்கு அர்த்தம். இழுத்து நீவிவிடுவதை மட்டுமே வருடக்கணக்கில் செய்வதற்குப் பெரிய பலன் இருப்பதாகத் தெரியவில்லை.

எழுதுவதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாளை ஒரு அட்டையில் கிளிப் போட்டு, இடது கைக்கு ஏற்ப மேல்பக்கம் வலப்புறம் சாய்வாக வைக்க வேண்டும். இதனால் கொஞ்சம் வேகம் கூடும். கையெழுத்து அழகாக வேண்டும் என்று இரண்டு கோடு நோட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எழுதுபவர் வேண்டுமா, கூடுதல் நேரம் மட்டும் போதுமா என்பதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய வினாத்தாளை அவனே எழுதட்டும், இன்னொன்றை நீங்கள் எழுத அவன் சொல்லட்டும். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை, கணக்கையும் படத்தையும் சொல்லி எழுதவைப்பது ரொம்பக் கஷ்டம். தேர்வறையில் முதல் முறையாக அதைச் செய்தால் மதிப்பெண் குறையும். ஒன்பதாம் வகுப்பிலேயே பழகிவிடட்டும்.

கடைசியாக அந்த சென்டர். முன்பணம் கட்டாதீர்கள். அங்கே தெரபி கொடுப்பவர் ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். பி.ஓ.டி. என்னும் அந்தப் பட்டம் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலு வருடத்துக்கு மேற்பட்ட படிப்பு. சில மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஓ.டி. போர்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், முதல் சந்திப்பில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் மகனிடம் பேசுகிறாரா, இல்லை அவன் தலைக்கு மேலே உங்களிடமே பேசுகிறாரா? "உனக்கு எதைச் செய்யத் தெரிய வேண்டும்?" என்று அவனைக் கேட்கிறாரா? இரண்டு கையையும் அன்றாட வேலைகளில் எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதை 4 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஐந்து படிகளாகப் பிரித்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்று உண்டு, மேக்ஸ் என்போம். அவன் எந்தப் படியில் இருக்கிறான் என்று கேட்டால் பெருமூளை வாதப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவருக்குப் பதில் தெரியும். "கை சரியாகிவிடும்" என்பதையே திரும்பச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டாமலே தொடங்க வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருகிற மையம் அது, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. பெயரில் ஆரம்பகாலம் என்று இருப்பதைப் பார்த்து, குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளி மாணவன் என்பதால் உங்கள் வட்டார வள மையத்திலும் கேட்கலாம், அங்கே சிறப்பாசிரியரும் பெரும்பாலும் தெரபி நாளும் இருக்கும். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் அவனுக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது, சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. மாதாமாதம் போக முடியாவிட்டாலும் ஒரு முறை போய் முழுமையாகப் பரிசோதித்து, வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கி வரலாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் நாடு முழுவதும் செல்லுபடியாகும் யு.டி.ஐ.டி. கார்டுக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 18 வயது வரை இலவசக் கல்வி அவனது உரிமை. தேர்வுச் சலுகைக்கும் அதே சான்று உதவும். பெருமூளை வாதம் என்பதால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ரசீது இல்லாமல் அது கிடைக்காது, எனவே எந்த சென்டரில் பணம் கட்டினாலும் தெரபிஸ்ட்டின் பெயரும் படிப்பும் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.